அக்காவின் பேரில் இருந்த பக்கம்

அக்கா கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எதை விட்டுவிடுவேனோ, யார் மனம் நோகுமோ என்று நாலு நாளாகக் கை ஓடவில்லை. ஆனால் நோட்டன் பிரிட்ஜ் வீட்டை வாங்க அக்கா பட்ட பாட்டை எழுதாமல் விட்டால், எழுதியதெல்லாம் வேறு யாரையோ பற்றியதாகிவிடும்.

அக்கா பிறந்தது வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில். எங்கள் ஐயாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியதும், காய்ச்சல் கண்டால் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கு நடந்ததும் அவர்தான். இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷம் மாமாவைக் கலியாணம் கட்டிக்கொண்டு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தார். என்னையும் கூட்டி வந்தார். "கொண்டாந்ததுன்னா இவ ஒருத்திதான்" என்று மாமாவிடம் சொன்னாராம். மாமா கடைசி வரைக்கும் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தார். வயது வந்ததும் என்னை அதே லயத்தில் அடுத்த காம்பராவில் கட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். தீபாவளிக்கு முந்திய மாதம் பன்னிரண்டு காம்பராவுக்கும் துணி எடுக்க அக்காதான் ஹட்டனுக்குப் போவார். யாருக்கு என்ன நிறம், எந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். எல்லாத் துணியும் கடைப் புத்தகத்தில் அக்காவின் பேரில் ஒரே பக்கத்தில் ஏறும். ஒவ்வொருவரும் சம்பளத்துக்குச் சம்பளம் அக்காவிடம் கொடுப்பார்கள், அக்கா கடையில் கட்டுவார். எல்லா லயத்திலும் இப்படி ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குக் கடை முதலாளி நாற்காலி போட்டுப் பிளேன்டி கொடுப்பார். அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே குடிப்பார்.

ஒரு தீபாவளி முடிந்த கையோடு ஐந்து காம்பராக்காரர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். இரண்டு குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்கு, மூன்று குடும்பம் வேறு தோட்டங்களுக்கு. துணிப் பாக்கி அப்படியே நின்றது. அக்கா ஒருவரையும் குறை சொல்லவில்லை. தன் கைக்காசிலிருந்து வருஷக்கணக்காகக் கட்டினார்.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். கட்டிய ஒவ்வொரு முறையும் கடையில் கணக்கு எழுதுகிறவரிடம், "இதைச் செல்லாயி பேருல வரவு வைங்க, அடுத்த மாசம் மத்தவங்க பேருல" என்று சொல்லியிருக்கிறார். போனவர்கள் என்றைக்காவது திரும்பி வந்து அந்தக் கடைப் படியேறினால் யாரும் அவர்களை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதாம். கணக்கெழுதுகிறவரும் ஆளுக்கொரு புதுப் பக்கம் திறந்து எழுதிவிட்டார். ஐந்து பேர் பக்கத்தில் வரவு மட்டும் இருந்தது. அக்காவின் பக்கத்தில் அந்த ஐந்து பேர் கடன் அப்படியே நின்றது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

இது வெளியே வந்தது வீடு வாங்கப் போனபோதுதான். மாமாவுக்கு நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் காவல் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம். இனி அங்கேயே போய் இருப்பது என்று அக்காவும் கொழுந்து பறிக்கும் வேலையை விட எழுதிக் கொடுத்தார். உடனே தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார், தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்குக் காம்பரா இல்லை, மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று. நோட்டன் பிரிட்ஜ் வீதியில் ஒரு சிங்கள மாத்தயா இரண்டு அறை வீடொன்றை, முன்னால் கொஞ்சம் நிலத்தோடு, விற்க இருந்தார். அவரும் மூன்று மாதம் தவணை தந்தார். கையில் இருந்தது கால்வாசிப் பணம். மீதிக்கு ஹட்டனில் ஒரு ஐக்கிய நாணய சங்கத்தில், வீட்டு உறுதிப் பத்திரத்தையே ஈடு வைத்துக் கடன் கேட்டோம். அக்காவுக்கும் மாமாவுக்கும், தோட்டத்துச் சனத்துக்கு லேசில் கிடைக்காத பிரஜாவுரிமைக் கடிதம் வந்திருந்தது. அதுவே கிடைத்துவிட்டது, இது என்ன பெரிது என்று மாமா சொன்னார்.

சங்கத்தில் கடன் கேட்கிறவர்களைப் பற்றி டவுன் கடைகளில் விசாரிப்பது வழக்கம். இரண்டு கிழமை கழித்துக் காரியதரிசி எங்களைக் கூப்பிட்டார்.

"அம்மா, துணிக்கடையில உங்க பேரு சுத்தமில்லையே."

"எல்லாம் கட்டிட்டேனுங்க."

"புத்தகத்துல அந்தப் பாக்கிக்கு ஒரு சல்லி வரவு இல்லையே அம்மா. கட்டினவங்களுக்கு வரவு இருக்காதா?"

அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் நான்தான் கத்தினேன். "பேரைச் சொல்லுங்கக்கா. யாரு யாருக்காகக் கட்டுனீங்கன்னு உள்ள போய்ச் சொல்லுங்க."

"அவங்க தீபாவளிக்குக் கட்டின சேலைய நான் இப்ப உருவச் சொல்றியா?"

மறுநாள் கடைக்குப் போனோம். முதலாளி பழைய மனிதர், அக்காவை நன்றாகத் தெரிந்தவர். புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உம்மட காசுதான் புள்ள, எனக்குத் தெரியும். ஆனா மத்தவங்கட பேருல இருக்கிற வரவ நான் எப்பிடித் தூக்கி உம்மட பக்கத்துல போட? அவங்க கைநாட்டு வெச்ச கடிதம் கொண்டாங்க" என்றார்.

பிறகு நாங்கள் அலைந்ததை என்னவென்று சொல்ல. முதல் இரண்டு கடிதம் வாங்கிச் சங்கத்தில் காட்டினால், கைநாட்டுக்குச் சாட்சியாக அந்தத் தோட்டத்துக் கண்டாக்கு கையெழுத்து வேண்டும் என்றார் காரியதரிசி. திரும்பிப் போனால் கண்டாக்கு லீவு. லீவு முடிந்து போனால் முத்திரை ஒட்டவில்லை. முத்திரை ஒட்டிக் கொண்டுபோனால் பழைய தேதி செல்லாதாம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர் இல்லை, அந்த நாள் கூலியும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நான் ஆறு நாள் பேரை இழந்தேன். இரவில் தூக்கம் வராமல் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அக்கா அடுத்த காம்பராவில் நிம்மதியாகத் தூங்குவார். அதுவே எனக்குக் கோபமாக வரும்.

மூன்றாவது கடிதம் தர வேண்டிய செல்லாயி இறம்பொடைத் தோட்டமொன்றில் இருந்தாள். இரண்டு பஸ் ஏறிப் போனோம். எங்களைக் கண்டதும் அழுதாள், தேத்தண்ணி ஊற்றினாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"போன வருஷம் ஹட்டன் போனப்ப எம் பேருல வரவு நிக்குதுன்னு கடையில சொன்னாங்கக்கா. நான் எங்க குடுத்தேன்? சாமி குடுத்ததுன்னு நெனச்சு ஒரு சேலை எடுத்துட்டு வந்துட்டேன்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அக்கா கேட்டார், "நல்ல சேலையா பாத்து எடுத்தியா? கரை சாயம் போவலையே?"

செல்லாயி உள்ளே போய்ச் சேலையை எடுத்து வந்து காட்டினாள். இருவருமாகக் கரையைத் தேய்த்துப் பார்த்தார்கள். கடைசி பஸ் போய்விடுமே என்று நான் வாசலில் நின்றேன்.

மூன்று பேர் கைநாட்டும் சேர்ந்தபோது தவணையில் நாலு நாள்தான் பாக்கி. காரியதரிசியையே கையோடு கடைக்குக் கூட்டிப் போனோம். முதலாளி கடிதங்களைப் பார்த்தார். இந்தியா போனவர்களுக்குத் தன் சொல்லே போதும் என்றார். செல்லாயியின் சேலையை, "சாமி பேரச் சொல்லி எடுத்தது, போகட்டும்" என்று தள்ளிவிட்டார். வரவையெல்லாம் அக்காவின் பக்கத்துக்கு மாற்றிக் கூட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு தொகை நின்றது.

"இது என்னது?" என்று கேட்டார் காரியதரிசி.

"அது என்னோடதுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா, அவசரமாக.

முதலாளி விரலை வைத்துப் படித்துவிட்டார். "கம்பளிக் கோட்டு ஒண்ணு. தங்கச்சி மாப்பிள்ளைக்கு."

என் தலைத் தீபாவளிக்கு அக்கா மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தது வேட்டியும் சட்டையும். கோட்டு என் வீட்டுக்காரர் தாமே ஆசைப்பட்டு எடுத்தது. அக்கா பேரில் எழுதச் சொல்லி, தாமே கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் கைக்காசு கொடுத்து வாங்கியதாகத்தான் சொன்னார். மூன்று மாதமாக, வெட்கம் கெட்டவர்கள், ஏமாற்றிப் போனவர்கள் என்று நான் திட்டிய திட்டெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பேரைச் சொல்லுங்கள் என்று அவரை நச்சரித்தவள் நான். அந்தப் பேர்களில் என் வீட்டுப் பேரும் இருந்தது.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டாம் நாள் எங்கள் பசுவின் கன்றை விற்று, தாமே கடைக்குப் போய் அக்காவின் பக்கத்தில் கட்டிவிட்டு வந்தார். இதை இந்த மலரில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது" என்றார்.

கடன் கிடைத்தது. ஆனால் சங்கத்துக் கமிட்டி கூடிக் கையெழுத்திட்டுப் பணம் வருவதற்குள் தவணை கடந்து பத்து நாள் ஆகிவிட்டது. மாத்தயா பொல்லாதவர் அல்ல. வீட்டை எங்களுக்காக வைத்திருந்தார். அவருக்கும் பண முடை. முன்னால் இருந்த நிலத்தை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அக்கா அங்கே ஒரு முற்றம் வைத்து, ஓரத்தில் செவ்வந்தி போடுவதாக இருந்தார். வாங்கிய வீட்டின் வாசற்படி நேராக வீதியில் இறங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு வாசல்லயே நிக்கும், நல்லதுதான்" என்றார். செவ்வந்தியைப் பின்னால் இரண்டு தகரத்தில் வைத்தார்.

பதினொரு வருஷம் ஒரு மாதமும் தவறாமல் கட்டி உறுதியை மீட்டார்கள். அதன் பிறகு மாமா போனார். அக்கா அதே வீட்டில், யாருக்கும் பாரமில்லாமல், ஒரு கிழமைக் காய்ச்சலில் அடங்கினார்.

நோயில் பார்த்துக்கொண்ட அயல்வீட்டு நோனா அம்மாவுக்கும், சவப்பெட்டி செய்து தந்தவருக்கும், சமைத்துப் போட்ட லயத்துப் பிள்ளைகளுக்கும், துணிக்கடை முதலாளியின் மகனுக்கும், இறம்பொடையிலிருந்து அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்த செல்லாயிக்கும் எங்கள் நன்றி. அக்காவின் பேரில் எந்தக் கடையிலாவது பாக்கி இருப்பதாக யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள்.

அக்காவைத் தூக்கிய அன்று மழை. வந்த சனத்துக்கு உட்கார இடமில்லாமல் எல்லோரும் வீதியில் நின்றீர்கள். நோட்டன் பிரிட்ஜ் பஸ் இரண்டு, ஹார்ன் அடிக்காமல் ஒரு மணி நேரம் காத்து நின்றன. அந்த டிரைவர்களுக்கும், நனைந்து நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடமைப்பட்டவள். அந்த நிலம் கிடைத்திருந்தால், எங்கள் முற்றத்தில், பந்தலுக்குக் கீழே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள்.