பெய்சென்னின் குங் ஹ

அமெரிக்காவில், ஓக்லண்ட் நகரத்துத் தையல் கம்பெனியில் சேர்ந்த புதிதில், தன் பங்குத் துணி தீர்ந்தால் பெய்சென் சும்மா உட்காரமாட்டாள். பக்கத்து மெஷினில் குவிந்து கிடப்பதிலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்வாள். அது எழுபத்து நாலாம் வருஷம். அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் மேற்பார்வை பார்க்கும் வெர்னா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பெய்சென்னுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் கடைசிச் சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னடி சொல்லிட்டுப் போறா?" என்று எதிர் மெஷினில் இருந்த மகள் ஷுயிங்கைக் கேட்டாள்.

"நீ ரொம்ப கங் ஹோவா இருக்கியாம். அளவுக்கு மீறி ஆர்வமாத் துள்ளுறவங்களை இங்க அப்படிச் சொல்வாங்கம்மா. கிண்டல்தான்."

"அது எங்க சங்கத்துப் பேருடி."

"உனக்கு எல்லாமே சீனாவுல இருந்து வந்ததுதான்" என்றாள் மகள்.

பெய்சென் மறுபடி தையலில் குனிந்தாள். மஞ்சள் நதி வெள்ளம் ஹெனானில் வீட்டைக் கொண்டுபோனபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ரயில் கூரைமேல் உட்கார்ந்து மேற்கே பாவ்ஜிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அகதிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பட்டாளத்துக்குக் கம்பளி நெய்தார்கள். சங்கத்தின் நீளப் பெயரைச் சுருக்கி 'குங் ஹ' என்பார்கள். குங் என்றால் வேலை, ஹ என்றால் சேர்வது. ஜப்பான் விமானங்கள் வந்தால் குகைக்குள் ஓடுவார்கள். குண்டுச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நூல் சுற்றிக்கொண்டு கதை பேசுவார்கள்.

மறுநாள் மெஷின் பழுது பார்க்க ஹார்லன் வந்தார். ஜப்பானோடு நடந்த போரில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாயாக இருந்தவர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று மகளை விட்டு அவரிடம் கேட்டாள் பெய்சென்.

"அது எங்க பட்டாளத்துல நாங்க கோஷமா கத்தின சொல்லாச்சே. சீனாவுல இருந்துட்டு வந்த அதிகாரி ஒருத்தர் கத்துக்கொடுத்தார். அப்புறம் பேப்பர்ல வந்துச்சு, சினிமாவுல வந்துச்சு. இப்போ கார் விக்கிறவன்கூடச் சொல்றான்" என்றார்.

"சண்டைக்கா அதைக் கத்தினீங்க?" பெய்சென்னின் முகம் வாடிவிட்டது.

"சண்டைக்கும்தான். ஆனா முதல்ல கூட்டத்துக்கு. அந்த அதிகாரி எல்லாரையும் உட்காரவெச்சு, எதுக்குப் போறோம்னு பேசுவார். கடைசிச் சிப்பாய்கூட எழுந்து கேள்வி கேட்கலாம். அதுதான் கங் ஹோ கூட்டம்."

மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பெய்சென் எழுந்துவிட்டாள். துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்து, வெட்டும் மேஜைமேல் குங், ஹ என்ற இரண்டு சீன எழுத்துகளையும் பெரிதாக எழுதினாள்.

"இத்தனை வருஷம் எப்படி எழுதறதுன்னே தெரியாமக் கத்தியிருக்கேன்" என்றார் ஹார்லன்.

சாயங்காலம் பஸ்ஸில் மகளே பேச்சை எடுத்தாள். "உங்க சங்கத்துலயும் கூட்டம் போடுவாங்களாம்மா?"

"போடுவாங்க. நான் போன முதல் கூட்டத்துல, கம்பளிக்குச் சாம்பல் நிறமா பச்சையான்னு கை தூக்கச் சொன்னாங்க. அதுவரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லடி. ஒண்ணும் புரியல. ரெண்டுக்கும் தூக்கிட்டேன்."

ஷுயிங் சிரித்துவிட்டாள்.

"இப்படித்தான் எல்லாரும் சிரிச்சாங்க. உங்கப்பாதான் அடக்க முடியாமச் சிரிச்சார்."

"அப்பாவை அங்கயா பார்த்தே? சொன்னதே இல்லையே."

"நீ எங்க கேட்டே?"

பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேரும்வரை, பாவ்ஜியின் அந்த முதல் குளிர்காலத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தாள் பெய்சென்.