எட்டுத் தறியும் ஒரு கிதாரும்

"சங்கரன்கோவிலா? உங்க ஊர்ல தறிச் சத்தத்த விட்டா வேற என்ன சத்தம்டி இருக்கு?"

கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில் அறைத்தோழி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். அவள் தூத்துக்குடிக்காரி. கோடை வந்தால் அவர்கள் ஊர்க் கடற்கரையில் பையன்கள் மின்சாரக் கிதாரும் டிரம்ஸுமாக மேடை ஏறுவார்கள் என்றும், இங்கிலீஷ் பாட்டெல்லாம் பாடுவார்கள் என்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மேடையை நான் பத்து வயதிலேயே பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் அதில் ஏறி வாசித்தார்கள் என்றேன். அதைக் கேட்டு முழு விடுதியும் சிரித்தது.

அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. அந்த மேடையில் எங்கள் ஆட்களைப் பார்த்து முதலில் அந்த ஊரே சிரித்தது.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கூடத்தில் எட்டு விசைத்தறிகள் ஓடின. பெரிய இடத்துத் தறிகள்தான். அப்பா அவற்றைக் கூலிக்கு எடுத்து ஓட்டினார். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, அவற்றில் இரண்டு தறிகளைப் பார்த்துக்கொள்வார்; மற்றவற்றைக் கூலியாட்கள் ஓட்டினார்கள். அவர்களுடைய தங்கை, என் அத்தை, துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்ற எல்லோருக்கும் தறிக்கூடம்தான் பள்ளிக்கூடம்.

துறைமுகத்தில் கப்பல்காரன் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மின்சாரக் கிதார் ஒன்று, பல கைகள் மாறிச் சித்தப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், எங்களுக்கு 'டிரம்ஸ் அண்ணன்', கல்யாண ஊர்வல பேண்டு செட்டுக்காரர்களிடம் ஒரு டிரம்மையும் ஒரு ஜால்ராத் தட்டையும் வாங்கி வந்தார். பாட அத்தை இருந்தாள். மெல்லிசைக் குழு தயாராகிவிட்டது.

வீட்டில் வைத்து வாசித்தால் தெருவே சண்டைக்கு வரும். ஆகவே தறிக்கூடத்திலேயே பழகினார்கள். எட்டுத் தறியும் ஓடும்போது அங்கே பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. யாருக்கும் தொந்தரவில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

தறி நின்றபோதாவது தெரிந்திருக்கலாம். ஆனால் மின்சாரம் போனால் தறியோடு கிதாரும் நின்றுவிடும். சரி, கரண்டு வரட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த நூல்கடைக்காரர், கூடத்து வாசலில் நின்று இவர்களைப் பார்த்தார். அவர் காதில் என்னதான் விழுந்ததோ, அத்தையின் குரல் மட்டும் தறிகளையும் தாண்டி வந்திருக்க வேண்டும். "எங்க ஊர்க் கடக்கரையில பையங்க வருசா வருசம் கச்சேரி நடத்துதாங்க. வந்து பாடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்:

"போங்க. ஒரே ஒரு தடவ. ஆனா கேலி பண்ணித் திருப்பி அனுப்பினாங்கன்னா அந்தக் கிதார வித்துரணும். இவளும் அதுக்குப் பெறகு பாட்டு கீட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

சித்தப்பா சம்மதம் என்றார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவள் என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். குழம்பு தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது.

கல்யாணமாகாத பெண் ஆம்பிளைகளோடு வெளியூர் போவது எப்படி என்று அடுத்த பேச்சு எழுந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. துணைக்கு ஒரு சின்னப் பெண்ணை அனுப்பிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்படியாக நான் அத்தையின் மானத்துக்குக் காவலாக நியமிக்கப்பட்டேன். அந்தக் காவலாளிக்கு வழியில் இரண்டு தடவை வாந்தி வந்தது. இரண்டு தடவையும் அத்தைதான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் கூரைமேல் டிரம்மைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. கடலை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தேனே தவிரக் கவனிக்கவில்லை. மேடை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மரப்பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டிருந்தார்கள். அங்கே உள்ளவர்கள் விடியுமுன்பே கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் இருட்டுவதற்குள் கச்சேரியை முடித்துவிடுவார்களாம். மணல் முழுக்க ஜனம் உட்கார்ந்திருந்தது. மீன் விற்றுவிட்டு அப்படியே வந்த பெண்கள் அலுமினியச் சட்டிகளைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

மேடையின் பின்னால் துணியில் ஏதோ எழுதியிருந்தது. "என்னன்னு வாசி மக்கா" என்றார் சித்தப்பா. 'சங்கரன்கோவில் மெல்லிசைக் குழு' என்று மூன்றாவது வரியில் இருந்ததை வாசித்தேன். "இன்னொரு மட்டம் வாசி" என்றார். வாசித்தேன். டிரம்ஸ் அண்ணனைக் கூப்பிட்டு, அவருக்காக இன்னொரு தடவையும் வாசிக்கச் சொன்னார்.

முதலில் அந்த ஊர்ப் பையன்கள் ஏறினார்கள். தரையைக் கூட்டுகிற பேன்ட், தோள்வரை முடி, மாலை வேளையிலும் கறுப்புக் கண்ணாடி. அவர்கள் கிதாரை மீட்டியபோது அந்த ஒலி என் வயிற்றுக்குள் ஏறியது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. ஒருவன் நிறுத்தினால் எல்லோரும் அதே நொடியில் நிறுத்தினார்கள். அப்படியும் மனிதர்களால் முடியுமா என்று வாய் பிளந்து பார்த்தேன். இன்றைக்கும் சொல்வேன், அவர்கள் அருமையாக வாசித்தார்கள்.

பிறகு எங்கள் முறை.

சித்தப்பா கிதாரைத் தொட்டார். டிரம்ஸ் அண்ணன் அடிக்க ஆரம்பித்தார். எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுதான். முதல் வரி முடிவதற்குள் டிரம்ஸ் முன்னால் ஓடிவிட்டது. கிதார் பின்னால் தங்கிவிட்டது. அத்தை இருவருக்கும் நடுவில் யாரோடு சேர்வது என்று தெரியாமல் பாடினாள். எனக்கும் ஏதோ குறைகிறது என்று பட்டது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிறதே, அது மாதிரி என் காது எதையோ தேடியது.

"ஏலே கிதாரு, டிரம்ஸ் அந்தால போயிட்டான், ஓடிப் பிடில!" என்று ஒரு குரல் வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு போல!" என்றது இன்னொன்று.

விசில் கிளம்பியது. யாரோ கோழியைப் போலக் கூவினார்கள். சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக வாசித்தார். கிதார் விற்றாயிற்று, அத்தையின் பாட்டும் முடிந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அத்தை கையைத் தூக்கினாள்.

அது ஒரு சின்ன அசைவு. தறியில் நூல் அறுந்தால் நிறுத்தச் சொல்லி இப்படித்தான் கையைக் காட்டுவாள். அந்தச் சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காதல்லவா? பழக்கத்தில் சித்தப்பாவும் டிரம்ஸ் அண்ணனும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அன்று அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அத்தை மைக்கைப் பிடித்தாள். நடுங்குகிற குரலை எதிர்பார்த்தேன். தறிக்கூடத்தில் காலித் தார்க்குச்சி கேட்கிற அதே குரலில் பேசினாள்.

"அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஒண்ணு சொல்லுதேன். நாங்க தறிக்காரங்க. எட்டுத் தறி ஓடுத எடத்துல பாடிப் பழகிட்டோம். தறிதான் எங்களுக்குத் தாளம். இங்கன அது இல்ல, அதான் இவங்களுக்குக் கால் நிக்க மாட்டேங்கு. நீங்க கொஞ்சம் தறி ஓட்டித் தந்தீங்கன்னா நாங்க பாடுதோம்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்: "தறிக்கு இப்ப எங்க தாயி போறது?"

"உங்களுக்குக் கை இருக்குல்லா?" என்றாள் அத்தை.

சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

அவள் கையை நீட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தாள். "இந்தப் பக்கத்துலேருந்து நாடா கிளம்புது. தட்டுங்க. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டு. நீங்க தட்டுங்க. திரும்பி வருது. தட்டுங்க!" தறியில் நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே பாய்கிற நாடாவை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவள் விரல் போன பக்கமெல்லாம் எல்லோருடைய தலையும் திரும்பியது. இடப்பக்கம் டக். வலப்பக்கம் டக். முதலில் கசகசவென்று இருந்தது, பிறகு சேர்ந்தது. மீன்காரப் பெண்கள் சட்டிகளைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எங்கள் தறிக்கூடம் அந்த மணலில் வந்து இறங்கிவிட்டது.

அத்தை திரும்பி டிரம்ஸ் அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். ஒரு அடி தப்பவில்லை. சித்தப்பாவின் கிதார் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் பாடினாள். எட்டுத் தறிகளை மீறிப் பாடிப் பழகிய தொண்டை அது. மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றாள், அப்படியும் கரையில் கட்டிக் கிடந்த படகுகளில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடிப் பையன்கள் மேடையின் ஓரத்துக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை தட்டினார்கள். ஒரே பாட்டை மூன்று தடவை பாடச் சொன்னது அந்தக் கூட்டம்.

முடிந்ததும் அந்தப் பையன்களில் ஒருவன் சித்தப்பாவிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, செமையா இருந்துச்சு! முதல்ல தப்பா வாசிக்கிற மாதிரி நடிச்சு, பெறகு கூட்டத்த வளைச்சீங்களே, யாரு யோசிச்சது?"

சித்தப்பா குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நூல்கடைக்காரர் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸில் ஏறினோம். டிரம்ஸ் அண்ணன் முன் சீட்டின் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். அத்தை தூங்கினாள். சித்தப்பா மட்டும் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த பிறகும் இவர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா தறிக்கூடத்தில் இருந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சித்தப்பா நேராக அவரிடம் போய் ஏதோ சொன்னார்.

"என்னது?" என்று அப்பா காதைக் காட்டினார்.

மறுபடியும் சொன்னார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். எட்டுத் தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. கூடத்தில் இருந்த தறிக்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இப்பச் சொல்லு."

சித்தப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"கேலி பண்ணிட்டாங்கண்ணே. நான் வாசிச்சது சரியில்ல. கோழி மாதிரிக் கூவினாங்க. இவதான் நிப்பாட்டி, கூட்டத்துல பேசி, எல்லாத்தையும் நேராக்குனா. நான் தோத்துட்டேன். இவ ஜெயிச்சுட்டா."

"இல்லப்பா, நாம ஜெயிச்சோம்!" என்று நான் கத்தினேன். "மூணு மட்டம் பாடச் சொன்னாங்க!"

என்னை யாரும் கவனிக்கவில்லை. அப்பா தம்பியின் முகத்தைப் பார்த்தார். கிதாரைப் பார்த்தார். பிறகு அவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"அடுத்தாப்ல எங்கன பாடப் போற?"

அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

சித்தப்பாவின் மேல் எனக்குக் கோபம் தீர வெகுநாள் ஆனது. 'நல்லா நடந்துச்சு' என்று அவர் இரண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. தறி ஓடும்போதே சொல்லியாயிற்று என்று பேர் பண்ணியிருக்கலாம். அந்தப் பையன் கொடுத்துவிட்டுப் போன கதையையே சொல்லியிருக்கலாம். ஆனால் மறுவாரமே மேடையில் பெண் எதற்கு, நீங்கள் இரண்டு பேர் போதுமே என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதற்கு இடமில்லாமல், கூலித்தறிக்காரர்கள் அத்தனை பேர் கேட்க, தன் கிதாரையும் பணயம் வைத்து அவர் தங்கையின் பாட்டைக் காப்பாற்றினார். பத்து வயதில் எனக்கு அத்தையின் தைரியம் மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்குச் சத்தம் இருந்தது.

அத்தை இன்னும் பாடுகிறாள். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் குழு அவள் பேரில்தான் நடக்கிறது; சித்தப்பா கிதார் வாசிக்கிறார். போன வருஷம் டிரம்ஸ் அண்ணன் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டார். லீவு நாட்களில் தறிக்கூடத்தில் டிரம் தட்டிப் பழகியவள் நான் என்பதால் வேறு ஆள் தேடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கச்சேரியில் நான் வாசித்தாயிற்று. அடுத்தது திருவேங்கடம். அதற்கு மறுநாள் காலையில் எனக்குப் பரீட்சை இருக்கிறது. இரண்டுக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.