மத்தியான அடுப்பு

மொர்ஜினாவின் முகம் ஷிப்சா ஆற்றின் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். குரல்தான் பலருக்குத் தெரியாது. முக்காட்டு ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுச் சமையற்கட்டு வாசலில் நின்று, உள்ளே போகலாமா திரும்பிவிடலாமா என்று யோசிக்கிற பெண் அவள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் எழுத்து என்று எது கையில் பட்டாலும், சோப்பு உறையானாலும் மருந்து அட்டையானாலும், படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற, எல்லோருக்கும் அக்காவான ஷிகா தீதி அதனால்தான் அவளைப் பிடித்தாள். கரைக்கு ஒரு பெண் வேண்டுமாம். போனில் வருவதைப் படித்து நாலு வீட்டுக்குச் சொல்ல வேண்டுமாம்.

"எனக்குப் பேச வராது தீதி."

"பேச வேண்டாம். சொன்னாப் போதும்."

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கவும் மொர்ஜினாவுக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

போனில் வருவது வானத்திலிருந்து பார்த்துச் சொல்லும் சேதி. ஷிகா அதை ஆற்றங்கரையில் உட்கார்ந்து விளக்கினாள். கடல் சூடாகிறபோது அதில் நுண்ணிய பாசி பெருகித் தண்ணீர் பச்சை பூக்கும். பாசியைத் தின்னும் பொடிப் பூச்சிகளின் உடம்பில் வாந்திபேதிக் கிருமி ஒட்டிக்கொண்டு வாழும். கோடையில் ஷிப்சா ஆறு மெலிந்து, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும்போது கிருமியும் கூடவே ஏறிவிடும். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தையும் சூட்டையும் படம் பிடித்து அனுப்புகின்றன. டாக்காவில் அதையெல்லாம் கணக்குப் போட்டு, எந்தக் கரைக்கு நோய் வரக்கூடும் என்று சில வாரம் முன்னாலேயே சொல்கிறார்கள்.

"அவ்வளவு உசரத்துலேருந்து கிருமி தெரியுமா தீதி?"

"கிருமி தெரியாது. அது குடியிருக்கிற வீடு தெரியும்."

அது மொர்ஜினாவுக்குப் புரிந்தது. அவளும் மனிதர்களை அப்படித்தான் அறிந்திருந்தாள். கவிழ்த்து வைத்த பானையையும் கொடியில் கிடக்கிற துணியையும் பார்த்தாலே, அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு மனசு சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

முதல் வருஷம் சேதி வந்தபோது வீடு வீடாகப் போனாள். நேராகச் சொல்ல வெட்கம். கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்து, மீன் கழுவிக் கொடுத்து, எழுந்து போகும்போது வாசலில் நின்று, "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, நோய் வரலாமாம்" என்று முணுமுணுத்துவிட்டு வந்தாள். பாதிப் பேர் காய்ச்சினார்கள். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. நோய் வரவில்லை. விறகு போனதுதான் மிச்சம் என்று கரை முழுக்கப் பேச்சு.

அவளுக்கு 'ஆகாசக்காரி' என்று பேர் வைத்தது வேறு யாருமில்லை, சொந்த ஓரகத்தி லாய்லிதான். "ஆகாசக்காரி அக்கா, கோழி எங்கே முட்டை வச்சிருக்குன்னு மேல கேட்டுச் சொல்லேன்" என்பாள். மொர்ஜினா முக்காட்டுக்குள் சிரித்துக்கொள்வாள். அண்ணன் மொத்தாலிபை மொர்ஜினாவும் தம்பி சோபானை லாய்லியும் கட்டிக்கொண்டு, ஒரே முற்றத்தில் ஒரே அடுப்பில் வாழ்கிறவர்கள் இரண்டு பேரும். ஒருத்தி பேசாததையும் சேர்த்து இன்னொருத்தி பேசினாள்.

லாய்லியின் வாய் ஓய்ந்தது இரண்டே முறைதான். இரண்டு முறையும் வயிற்றில் வந்தது தங்காமல் போனபோது. அந்த நாட்களில் மொர்ஜினா அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினாள். மூன்றாவது தங்கியது. கோடை தொடங்கும் இந்த சைத்ர மாதத்தில் லாய்லியின் வயிறு நன்றாக முன்னே வந்துவிட்டது.

சைத்ரத்தில்தான் ஆண்கள் சுந்தரவனத்துக்குத் தேன் எடுக்கப் போவார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போனார்கள். காட்டைக் காக்கும் போன்பீபியின் பேரைச் சொல்லிப் படகைத் தள்ளிவிட்டதிலிருந்து அவர்கள் திரும்பும் வரை, வீட்டுப் பெண்களுக்கு ஒரு நோன்பு உண்டு. மிளகாய் சுடக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. பகலில் அடுப்பு மூட்டவே கூடாது. வீட்டு அடுப்பு பகலில் புகைந்தால் காட்டில் தேனீக்கள் கலைந்து திரும்பும், ஆண்கள் வழி தவறுவார்கள், அங்கே காத்திருப்பது புலி. விடியுமுன் ஒருமுறை, பொழுது சாய்ந்து ஒருமுறை, அவ்வளவுதான் நெருப்பு. பகலெல்லாம் பழைய சோறு.

அவர்கள் போன மறுவாரம் போன் முனகியது. 'உங்கள் பகுதியில் அபாயம் மிக அதிகம். நீரைக் கொதிக்க வைத்துப் பருகவும்.' மொர்ஜினா இரண்டு தரம் படித்தாள். பிறகு லாய்லியின் வயிற்றைப் பார்த்தாள்.

வீடு வீடாகப் போனாள். அடுத்த வீட்டு அஞ்சுரா முறத்தை நிறுத்தாமலே, "போன வருஷம் வராத விருந்தாளியா? இந்த வருஷமாவது வழி தெரியுமா அவனுக்கு?" என்று கேட்டாள். இருக்கிற நெருப்பில் சோறு வடிப்பதா தண்ணீர் காய்ச்சுவதா என்று மற்றவர்களும் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. மொர்ஜினா திரும்பி வந்து, தன் வீட்டையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். மழைத்தண்ணீர்ச் சாடிகள் எப்போதோ காலி. குளத்துத் தண்ணீரைப் பழைய புடவையை நாலாக மடித்து வடிகட்டி, மாலை நெருப்பில் கொதிக்க வைத்து, மூடிய குடத்தில் லாய்லிக்கென்று தனியாக வைத்தாள். வேறு தண்ணீரை அவள் தொடக்கூட விடவில்லை. "ஜெயில்ல கூட இவ்வளவு காவல் இல்ல" என்று லாய்லி அலுத்துக்கொண்டாள். ஆனாலும் குடித்தாள்.

சோற்றில் ஊற்றியதும் முதலில் காய்ச்சின தண்ணீர்தான். காலையில் லாய்லி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். புளிக்கவில்லை, செத்த சோறு என்றாள். புளிப்புக்கு ஏங்கிக் கிடந்த நாக்கு அது. மறுநாளும் அப்படியே தள்ளினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வெறும் வயிற்றோடு இருக்கிறாளே என்று மொர்ஜினாவுக்கு நெஞ்சு கேட்கவில்லை. அடுத்த மாலை குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல், வெறுமனே வடிகட்டிச் சோற்றில் ஊற்றினாள். குடிக்கிற தண்ணீரா என்ன, சோறுதானே என்று தோன்றியது. காலையில் லாய்லி தட்டை வழித்து நக்கிவிட்டு, "இதுதான் அக்கா சோறு" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து மொர்ஜினாவுக்கு வயிறு நிறைந்தது.

சில நாள் கழித்து ஒரு காலை, லாய்லி கொல்லைப் பக்கம் போய்ப் போய் வந்தாள். வெயில் ஏறுவதற்குள் நடக்க முடியவில்லை. கஞ்சித் தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே விழுந்து, விரல் நுனியெல்லாம் வெகுநேரம் துணி துவைத்தவள் கை மாதிரி சுருங்கிவிட்டது. அது என்ன என்று மொர்ஜினாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷிகாவுக்குப் போன் போட்டாள். உப்புப் பொடியைக் கரைத்து நிறுத்தாமல் கொடு, உடனே படகில் ஏற்று, நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறேன் என்றாள் ஷிகா.

வாந்திபேதிக்கென்று சுகாதார நிலையத்தில் கொடுத்த உப்புப் பொடிப் பொட்டலங்கள் கூரைச் செருகலில் தயாராக இருந்தன. மூடி வைத்த குடத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். குடத்தில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. படகில் போகிற வழியெல்லாம் கொடுக்க வேண்டும். சுற்றிலும் உப்பு ஆறு. குளத்துத் தண்ணீர் நிறைய இருந்தது, பச்சையாக.

சூரியன் உச்சியில் நின்றது. மொர்ஜினா அடுப்பைப் பார்த்தாள்.

பாயில் கிடந்த லாய்லிக்கு அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்துவிட்டது. "வேண்டாம் அக்கா. அவங்க காட்டில இருக்காங்க."

மொர்ஜினா தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். மொத்தாலிப் புறப்பட்ட அன்று படகில் ஏறுமுன் திரும்பி, முற்றத்தை ஒருமுறை பார்த்தது ஞாபகம் வந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் பார்ப்பான், எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் விட்டுப் போகிறவன் மாதிரி. இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து எத்தனையோ சைத்ரங்களில் ஒரு பகலும் அவள் நெருப்பு மூட்டியதில்லை. அவனும் ஒருமுறைகூடக் காட்டிலிருந்து திரும்பி வராமல் இருந்ததில்லை. முதல் தீக்குச்சி அணைந்துபோனது. அடுத்ததைக் கிழித்து, சாணம் அப்பிய சணல் குச்சிக்குக் காட்டினாள்.

புகை கூரையைத் தாண்டியதுதான் தாமதம், அஞ்சுரா வந்து நின்றாள். அவள் கணவனும் அதே காட்டில்தான் இருந்தான்.

"உன் புருஷன் உனக்கு வேண்டாம்னா அது உன் இஷ்டம். என் புருஷன் என்னடி பாவம் பண்ணான்?"

மொர்ஜினா தலை நிமிர்ந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. பல்லால் கடிக்க ஓரம் இல்லை.

"உன் மாமனார் படகக் கொண்டா, அஞ்சுரா. இவளைக் கரை சேத்துட்டு வந்து நிக்கிறேன், எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

அந்தக் குரலை அஞ்சுரா அதுவரை கேட்டதில்லை. உள்ளே எட்டி லாய்லியைப் பார்த்தாள். திரும்பி ஓடினாள். இஞ்சின் படகு துறைக்கு வந்தபோது அவளும் அதில் இருந்தாள். லாய்லியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மொர்ஜினா ஆறவைத்த தண்ணீரில் உப்புப் பொடியைக் கரைத்துக் கரைத்துக் கரண்டியால் ஊற்றினாள். பாதி வாந்தியாக வந்தது. மறுபடி ஊற்றினாள். இடையிடையே வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பேதி கீழே வாளியில் விழ நடுவில் ஓட்டை போட்ட கட்டில்கள் வரிசையாகப் போட்டிருந்தன. ஷிகா ஓடி வந்தாள். இரண்டு கையிலும் ஊசி குத்தி, இரண்டு பை சலைன் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சுவரோரம் அதே பைகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததை மொர்ஜினா பார்த்தாள். மற்ற வருஷங்களில் நோய் வந்த பிறகுதான் கேட்டு அனுப்புவார்களாம், பாதிப் பேருக்குப் போதாதாம். இந்த முறை மேலேயிருந்து வந்த சேதியைப் பார்த்து முன்னதாகவே இறக்கிவிட்டார்கள் என்று ஷிகா சொன்னாள். மொர்ஜினா ஒரு பெட்டியின் மேலிருந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள். கண் மறைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் லாய்லியின் விரல்கள் பழையபடி உப்பத் தொடங்கின. நர்ஸ் குழல் வைத்து வயிற்றைக் கேட்டாள், இடம் மாற்றிக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டி, குழலை மொர்ஜினாவின் காதில் மாட்டினாள். உள்ளே யாரோ அவசரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் ஷிகா கேட்டாள். காய்ச்சின தண்ணீர் மட்டும்தான் குடித்தாளா?

"என் கையால கொடுத்தது தீதி. வேற தொடவே இல்ல."

"சோத்துல ஊத்தினது?"

"குளத்துத் தண்ணி" என்றாள் மொர்ஜினா. ஷிகா நெற்றியில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை வீட்டில் எத்தனை தரம் குடிதண்ணீர், குடிதண்ணீர் என்று சொல்லியிருக்கிறேன், ஒருநாளாவது சோற்றைப் பற்றிச் சொன்னேனா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தக் கரையில் பிறந்தவள்தான் அவளும். அவளும் பழைய சோறு தின்று வளர்ந்தவள்தான்.

கட்டிலிலிருந்து ஒரு கை வந்து மொர்ஜினாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தது. "நான் கேட்டேன், நீ போட்டே" என்றாள் லாய்லி. "அழுதேன்னா ஊர்ல போய்ச் சொல்லிடுவேன்."

அஞ்சுரா அன்று மாலையே படகில் திரும்பியிருந்தாள்; மறுநாள், லாய்லியை ஷிகாவிடம் விட்டுவிட்டு, மொர்ஜினாவும் ஊருக்கு வந்தாள். அதற்குள் கரையில் இன்னும் இரண்டு வீட்டில் நோய் கண்டிருந்தது. அஞ்சுராவின் முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். புகை போட்டவள் வருகிறாள் என்று பேச்சு நின்றது. மொர்ஜினா வாசலில் தயங்கவில்லை. நடுவில் போய் நின்றாள். லாய்லிக்கு நோய் கொடுத்தது தன் கைதான், சோற்றில் ஊற்றிய குளத்துத் தண்ணீர்தான் என்றாள். ஆகாசத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது தன் சமையற்கட்டில் தனக்குத் தெரியாமல் போனது என்றாள். சோற்றுக்கும் காய்ச்சின தண்ணீரையே ஊற்றுங்கள், நெருப்புப் போதாவிட்டால் என் வீட்டில் வந்து மொண்டு போங்கள், எப்படியும் பழி என் அடுப்புக்கு வந்தாயிற்று, அது பகலிலும் எரியும் என்றாள்.

அன்று மத்தியானம் முதலில் குடத்தோடு வந்தவள் அஞ்சுரா. இரண்டு நாளில் வேறு கூரைகளிலும் பகலில் புகை தெரிந்தது. ஆனால் ராத்திரிகளில் மொர்ஜினாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆற்றில் துடுப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தாள்.

லாய்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். பைஷாக் மாதம் பிறந்து தேன் படகுகள் வந்தன. மொத்தாலிப் முகம் கறுத்து, ஒரு காது வீங்கி இறங்கினான். பின்னாலேயே சோபான். அஞ்சுராவின் கணவன் மூன்றாவது படகில் வந்தான். மொர்ஜினா எல்லோரையும் எண்ணிய பிறகுதான் கணவனைப் பார்த்தாள். தேன் பானையை இறக்குமுன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பகல் நெருப்பு உட்பட. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவனும் கேட்டதில்லை. கேட்டுவிட்டுக் காதைத் தடவினான்.

"ஒரு மத்தியானம் காரணமே இல்லாம ரெண்டு தேனீ வந்து என் காதுல கொட்டிச்சு. யார் அனுப்பினதுன்னு இப்பத்தான் தெரியுது."

சோபான் புதுத்தேனில் ஒரு கிண்ணத்தை அண்ணி முன்னால் வைத்துவிட்டு, மனைவி படுத்திருந்த இடத்துக்குப் போனான்.

அடுத்த காலை லாய்லி தட்டின் முன் உட்கார்ந்தாள். காய்ச்சி ஆறின தண்ணீர் ஊற்றிய சோறு. மொர்ஜினா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு எலுமிச்சையை வெட்டி, விதை விழாமல் பார்த்துப் பிழிந்தாள். லாய்லி ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"புளிப்பா இது? ஆகாசக்காரி சமையல்."

தட்டைத் தள்ளவில்லை. மொர்ஜினா இன்னொரு எலுமிச்சையை எடுத்தாள்.