பதினொரு ஈக்களின் வயிற்றில்

மன்னாரில் பிறந்து லண்டன் வால்தம்ஸ்டோவில் குடியிருக்கும் இம்மாகுலேற் தினமும் ரயிலேறிப் போவது ஈ வயிறு கீறத்தான். ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால் அப்படியேதான் சொல்வாள். ஆபிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் செட்ஸி ஈக்கள் எந்த மிருகத்தைக் கடித்தன என்று, அவற்றின் வயிற்றில் எஞ்சிய இரத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். கை நடுங்கியதில்லை, வாயும் அடங்கியதில்லை.

சென்ற மாசியில் ஸாம்பியாவிலிருந்து அறுபது ஈக்கள் வந்தன. நாற்பத்தொன்பதில் மாடும் காட்டுப்பன்றியும். மீதி பதினொன்றில் மனித இரத்தம்.

ஆய்வுக்குப் பொறுப்பான சேஷாத்ரி சென்னைக்காரர், அவளைவிடப் பத்து வயது இளையவர். அந்தப் பதினொன்றையும் கணக்கிலிருந்து நீக்கிவிடப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மனுஷ டிஎன்ஏன்னா பெரும்பாலும் லேப்ல நம்ம கையிலேர்ந்து ஒட்டினதுதான். அறிக்கையில போட்டா சிரிப்பாங்க."

இம்மாகுலேற்றுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் ஈயே போடாத வெறும் குழாய்கள் மூன்றையும் சேர்த்துச் சோதிப்பவள் அவள். கையிலிருந்து ஒட்டியிருந்தால் அவற்றிலும் தெரிந்திருக்கும். மூன்றும் சுத்தமாக இருந்தன.

"தம்பி, என்ரை கையெண்டால் என்னோடை ஒப்பிட்டுப் பாருங்கோ," என்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் வழித்து அவர் முன்னால் வைத்தாள். "என்ரையெண்டு வந்தால் நானே வெட்டிவிடுறன்."

நாலு நாளில் முடிவு வந்தது. ஒன்றுகூட அவளுடையது இல்லை. சேஷாத்ரி நல்ல மனிதர், உடனே மன்னிப்புக் கேட்டார். அவள் அதைக் காதில் வாங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றும் ஒரே ஆளின் இரத்தம். ஊரே இருக்க, ஒருவரை மட்டும் தேடிப்போய்க் கடிக்குமா?

"ஈ பிடிச்ச ஆள் ஆர்?"

"மூலெங்கான்னு ஒருத்தர். ஏன்?"

"பொறி வைச்சோ பிடிச்சவர்? கேளுங்கோ."

போனில் மூலெங்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கொடுத்த துணிப்பொறிகளில் ஈ சரியாக விழவில்லையாம். அரைக் கால்சட்டையோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து, காலில் வந்து அமர்ந்ததை வலையால் அமுக்கியிருக்கிறார். சில ஈக்கள் வலையை முந்திக்கொண்டு அவரைக் கடித்துவிட்டன.

"அப்போ இந்தப் பதினொண்ணு ஊரைப் பத்தி எதுவும் சொல்லலையே. எடுத்துடலாம்," என்றார் சேஷாத்ரி.

"எடுங்கோ. முதல் அந்த மனிசனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ."

போனில் இன்னும் இருந்த மூலெங்காவோ, ஒன்றுமில்லை, நாலைந்து நாளாகக் கொஞ்சம் காய்ச்சல், மலேரியாவாக இருக்கும் என்று இழுத்தார். இம்மாகுலேற் போனைப் பறித்து, இன்றைக்கே போய் உறக்க நோய்க்கு இரத்தம் சோதிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அதட்டினாள்.

போனார். இரத்தத்தில் கிருமி இருந்தது. மூளைக்கு இன்னும் ஏறவில்லை, மாத்திரையோடு குணமானது.

வைகாசியில் இன்னும் அறுபது ஈக்களோடு அடுத்த பெட்டி வந்தது. மூடியின் உட்புறம் மூலெங்கா ஒரு தாள் ஒட்டியிருந்தார்: "எல்லாம் பொறியில் விழுந்தவை. நான் இப்போது நீளக் கால்சட்டை."

வாசித்ததும் இம்மாகுலேற்றுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. நம்பினாள். ஆனாலும் வெறும் குழாய்கள் மூன்றை எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

அறுபது ஈக்களில் ஒன்றிலும் மூலெங்கா இல்லை.