பிரித்துப் போட்ட கூரை

பெருங்கடவிளைக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. நான் வேகமாக நடந்தேன். ஜெர்மன்காரன் பின்னால் நிதானமாக வந்தான். கிழக்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை விழும்முன் ஆரியங்கோடு ஊரை விட்டு எட்டிப் போய்விட வேண்டும் என்பதே என் நினைப்பு.

அங்கே ஒரு வீட்டில் ஓட்டுக்கூரை மாற்றும் வேலை. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் கிடக்கும் தெற்கு அறையின் ஓடுகளை முந்தின நாள்தான் பிரித்தோம். கட்டில் கதவு வழியே வராது. ஒரு நாள்தானே என்று அவருக்கு மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். காலையில் நான் அடுக்கிய ஓடுகள் சரிந்து உடைந்தன. காண்ட்ராக்டர் என் அப்பாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். நான் பையை எடுத்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து எல்லா இடத்தையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். அவனும் மற்ற ஆட்களைக் காட்டாக்கடை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஜெர்மன்காரனிடம், மரம் வரவில்லை, வீட்டார் போகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். கோவளத்தில் தட்டு கழுவிக் கற்ற இங்கிலீஷ் அதற்குப் போதும்.

அவன் தச்சன். அவன் நாட்டில் தொழில் படித்து முடித்த தச்சன் மூன்று வருடமும் ஒரு நாளும் ஊர் ஊராய்ப் போய் வேலை செய்வது பழைய வழக்கமாம். அதுவரை சொந்த ஊருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் கால் வைக்கக் கூடாது. போன் கூடாது. கறுப்புத் தொப்பி, அகலக் கால்சட்டை, துணியில் சுருட்டிய மூட்டை. காட்டாக்கடைச் சந்தையில் பார்த்து நான்தான் வேலைக்குக் கூட்டி வந்தேன். அடுத்து வரும் தச்சனையும் ஊர் ஏற்கும்படி நடந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அவன் காதில் தங்க வளையம் கிடந்தது. வேலை கொடுத்தவரை ஏமாற்றியவனுக்கு முற்காலத்தில் அதைக் காதோடு பிய்த்துவிடுவார்களாம். கிழிந்த காதைப் பார்த்தால் எந்த ஊரும் வேலை தராது. இதைச் சொன்னபோது அவன் சிரித்தான்.

டீக்கடையில் இருந்த ஒருவர் வெள்ளைக்காரனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எலே, நீ சாயிப்பக் கூட்டிட்டுப் போறியா, சாயிப்பு உன்னக் கூட்டிட்டுப் போறானா?"

நான் நிற்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிக் குறுக்கே நின்றது. அந்த வீட்டுப் பெண். நர்சிங் முடித்து, ஜெர்மனிக்குப் போக நெய்யாற்றின்கரையில் ஜெர்மன் படிக்கிறவள். டீ கொண்டுவரும்போதெல்லாம் அவனிடம் பேசிப் பழகுவாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணா, எங்க போறிய?"

"மரம் வரட்டு. வாறேன்."

"மரம் நேத்து ராத்திரியே வந்து வீட்டுக்குப் பின்னால கெடக்கு. நானும் அம்மையும் அப்பாவத் தூக்கிப் பாத்தோம், முடியல்ல. காத்துல தார்ப்பாயும் அவுந்தாச்சு. மழ இப்பம் வரும் ஆக்கும்."

பிறகு அவனிடம் திரும்பி, தடுக்கித் தடுக்கி ஜெர்மனில் சொன்னாள். ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியாது. எல்லாம் புரிந்தது. வானத்தைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். அவன் ஏதோ ஒன்றைத் திருப்பிக் கேட்டான். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அடிப்பான் என்று நின்றேன். அவன் என்னைப் பார்க்காமல் மூட்டையோடு ஸ்கூட்டரில் ஏறினான்.

அவர்கள் போனதும் நெய்யாற்றின்கரை பஸ் வந்து நின்றது.

"கேறுன்னுண்டோ?" ஏறுகிறாயா என்று மலையாளத்தில் கேட்டார் கண்டக்டர்.

ஒரு காலைப் படியில் வைத்தேன். முதல் துளி கையில் விழுந்தது. காலை எடுத்தேன். திரும்பி ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தது கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. அவன் கூரையின் கழிக்கோல் மரங்கள் மேல் குப்புறக் கிடந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான். மறுமுனைக் கயிற்றைப் பெண்ணின் அம்மா பிடித்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

"போன காலு திரும்பி வந்துட்டா மக்கா?" என்றார். "உள்ள பாரு, அவருக்க காலு ரெண்டும் நனஞ்சாச்சு."

உள்ளே அவர் பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மழை விடும்வரை நான் கயிற்றை விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது.

மறுநாள் காலையில் காண்ட்ராக்டர் வரவில்லை. ஜெர்மன்காரன் மேலே ஏறினான். நான் ஏணியில் கால் வைத்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டி, முற்றத்தில் கிடந்த ஓடுகளைக் காட்டினான். மேஸ்திரி என்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டவன் நான். அன்று கையாளாக நின்றேன். அவன் கீழே பார்க்காமல் கையை நீட்டினான். ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கொடுத்தேன்.