கஞ்சி அலசாத வலை

என் அண்ணன் இறந்த மூன்றாம் மாதம் மதினி தானே ஒரு வலை பின்ன ஆரம்பித்தாள். மூன்று வயதுப் பெண்பிள்ளையோடு என் வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு கிடக்கட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பங்காளிகள் முன்னாலேயே முகத்தில் அடித்தாற்போல் பதில் சொன்னாள்.

“எம்புள்ளைக்கு நான் மீன் பிடிச்சுக் கஞ்சி ஊத்திக்கிருவேன். யார் வீட்டு அடுப்படியிலயும் போயி நிக்க மாட்டேன்.”

அந்த வலை தேறாவிட்டால் அவளுக்கு மலைமேல் துரையின் தேயிலைத் தோட்டம்தான் கதி. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஏற்கெனவே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

மார்க்கையன்கோட்டைப் பக்கத்துக் கண்மாயில் வலையை நாள்கணக்கில் கட்டிப்போடுவோம். கிடக்கும் வலையில் பாசி ஏறும். பாசி ஏறிய வலையை மீன் அண்டாது, நூலும் இற்றுப்போகும். அதற்காகத்தான் ஆவாரம்பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் வலையை ஊறப்போடுவது. அதற்கான பெரிய அண்டா என் வீட்டில்தான் இருந்தது.

மதினி பிறந்த வீட்டில் தறி உண்டு. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதுபோலவே வலை நூலுக்கும் கஞ்சி போட்டுப் பின்னியிருந்தாள். முடிச்சு ஒவ்வொன்றும் அத்தனை சுத்தம். எனக்கு எரிச்சலாக இருந்தது. கஞ்சியை அலசாமல் போட்டால் சாறு நூலுக்குள் இறங்காது, மேலே நிறம் மட்டும் நிற்கும். தறிக்காரிக்கு அது தெரியாது. சாறு கொதித்த அண்டாவின் பக்கத்தில், அவள் கொண்டுவந்த வலையைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது.

“போடலாமா கொழுந்தனாரே?”

“போடுங்க மதினி.”

பதினைந்து நாளில் வலை முழுக்கப் பச்சையாகப் பாசி. தூக்கும்போதே கிழிந்தது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அவள் அழுததைப் பார்த்தேன். திருப்தியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இனி என் வாசலுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று காத்திருந்தேன். அவளோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கங்காணியோடு கிளம்பிவிட்டாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

“கஞ்சிய அலசணும்னு இப்பத்தான் ஊருல சொன்னாக. அன்னைக்கு நீங்க அங்கனதான நின்னீக?”

“நான் கவனிக்கல மதினி.”

அவள் கங்காணியின் பின்னால் நடந்தாள்.

அடுத்த தையில் அவள் மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்தாள். பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நேரே என் வீட்டு அடுப்படிக்குள் போனாள். நான் வாசற்படியில் நின்றேன். அரிசியைக் களைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்:

“கொழுந்தனாருக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?”