மைனஸ் நானூறு

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். வெட்கமும் கொஞ்சம் இருந்தது.

பனி கொட்டும் லாசால் நகரில் என் பக்கத்து வீட்டுச் சிநேகிதன் யூட், ஒருநாள் கைபேசியில் ஹொக்கிப் பந்தயத்தில் யார் வெல்வார் என்று காசு கட்டும் மணிலைன் கணக்கைக் காட்டினான். ஒரு அணிக்கு மைனஸ் நானூறு, மற்றதற்கு பிளஸ் முன்னூறு.

"மைனஸ் எண்டா தோக்கிற கோஷ்டி. என்ர கணக்குப் பாட மார்க்ஸ் மாதிரி" என்றேன்.

"விசரா, வெல்லும் எண்டு எல்லாரும் நம்புற ஆளுக்குத்தான் மைனஸ். நூறு வெல்ல நானூறு வைக்கோணும். கரம்போர்டில உன்னோட நான் மைனஸ் நானூறு."

"அப்ப வையன் பாப்பம்."

பந்தயம் காசுக்கில்லை, பனிக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு ஆட்டம். அவன் வென்றால் அவனுடைய காரை மூடிய பனியை நான் ஒருமுறை அள்ள வேண்டும். நான் வென்றால் என் காருக்கு அவன் நான்குமுறை அள்ள வேண்டும்.

முதல் மூன்று ஞாயிறும் தோற்றேன். நான் அள்ள, யூட் ஜன்னலில் தேநீரோடு நின்று கையசைத்தான். மூன்றாம்முறை இடுப்பு நோகும்போதுதான் கணக்கு மண்டையில் ஏறியது. நான் அவனைவிடக் கெட்டிக்காரனாக இருக்கத் தேவையில்லை. ஐந்தில் ஒன்று வென்றாலே சமன், நான்கில் ஒன்று என்றால் லாபம்.

நான்காம் ஞாயிறு சிவப்புக்காய் எனக்கு விழுந்தது, ஆட்டமும்தான்.

யாராவது என்னைக் குறைவாக மதித்தால் இப்போது கோபம் வருவதில்லை. அந்த மதிப்புக்கு அவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள்.

யூட் நான்காம்முறை அள்ளி முடித்தபோது, தேநீரோடு ஜன்னலைத் திறந்தேன். "அடுத்த ஞாயிறும் மைனஸ் நானூறோ மச்சான்?"

"இனி உன்னோட சமனுக்குச் சமன்தான்ரா."